உப்பைத் தின்ற கட்டடங்கள்

ஷார்ஜாவில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குப் பழைய பில்டிங் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்கனியின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி செங்காவி நிறத்தில் எட்டிப்பார்க்கும். கீழே யாரும் நிற்காதபடி ரிப்பன் கட்டியிருப்பார்கள். "பழசாயிடுச்சு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு நடப்பார்கள். அந்தப் பழசுக்கு வயது இருபதுதான் இருக்கும். ஊரில் தாத்தா கட்டிய காரைவீடு அறுபது வருடம் தாண்டியும் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் இருபது வயதில் ஒரு கட்டடம் எப்படிக் கிழடாகும்? வளைகுடா நாடுகள் இந்தக் கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டின. விடை கிடைத்தது ஆய்வுக்கூடத்தில்.

முதலில் ஒரு விசித்திரம். துபாய் க்ரீக் ஓரம், முன்பு பஸ்தகியா என்று அழைக்கப்பட்ட அல் ஃபஹிதி பகுதிக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள காற்றுக்கோபுர வீடுகள் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லால் கட்டப்பட்டவை. நம் தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரும் பவளக்கல்தான். கடலுக்குள் கிடந்த கல்லில் உப்பு இல்லாமல் இருக்குமா? உப்பு அந்தச் சுவர்களின் பூச்சை உதிர்த்தது உண்மை. ஆனால் அங்கே பெரிய சேதம் செய்ய அதற்கு வழியில்லை, ஏனென்றால் உள்ளே இரும்புக் கம்பி கிடையாது.

கம்பி வந்தது எண்ணெய்க்குப் பிறகு. துபாயில் 1966இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1969இல் ஏற்றுமதி தொடங்கியது. 1971இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. 1973இல் எண்ணெய் விலை எகிறியதும் கட்டுமான வேகமும் எகிறியது. துறைமுகம், ஆஸ்பத்திரி, பள்ளி, ஃபிளாட் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தன. நம் ஊர்களிலிருந்து கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் கிளம்பி வந்த காலம் அது.

வேலை அவசரம், ஆனால் நல்ல மணலும் நல்ல தண்ணீரும் அரிது. கடலோரத்து மணலில் உப்பு. கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும். குடிக்கும் தண்ணீரே விலை கொடுத்து வாங்கும் இடத்தில் கலவைக்கு எவ்வளவு ஊற்ற முடியும்? போதாததற்கு வெயில். 45 டிகிரியில் கலவை சீக்கிரம் இறுகும். அதை இளக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார்கள். அப்படி அதிகமாகச் சேர்ந்த தண்ணீர் பின்னால் ஆவியாகப் போய்விடும், அது இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சும். விதிப்புத்தகங்களில் பெரும்பகுதி குளிரும் மழையும் உள்ள பிரிட்டனிலிருந்து வந்தவை. அங்கே எழுதிய விதிக்கு சப்கா என்கிற உப்புத்தரை எப்படித் தெரியும்?

கெமிஸ்ட்ரி கொஞ்சம் பார்த்துவிடலாம். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம். பிஎச் 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துரு பிடித்த இரும்பு, பழைய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெருக்கினால் கான்கிரீட் பிளந்துதானே ஆகவேண்டும்? பால்கனியிலிருந்து விழும் காரை அதுதான்.

அப்படியானால் அந்தக் குளோரைடு வந்தது எங்கிருந்து? கடற்காற்றிலிருந்தா, தரைக்கடியிலிருந்தா, முதல் நாள் கலவையிலேயே இருந்ததா? இதைப் பிரித்தறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுவரில் டிரில் போட்டுப் பொடி எடுப்பார்கள். மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை ஒரு பொட்டலம், அடுத்த சென்டிமீட்டருக்கு வேறொன்று, இப்படியே கம்பி வரை. ஒவ்வொரு பொடியையும் அமிலத்தில் கரைத்து, வெள்ளி நைட்ரேட்டால் குளோரைடை அளப்பார்கள். வெளியே அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் உப்பு வெளியிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் உப்பு கலவையோடு கலவையாக உள்ளே போயிருக்கிறது. சில கிராம் பொடி, கட்டிய நாளில் என்ன நடந்தது என்று சாட்சி சொல்லிவிடும். இரண்டு வகைக் கட்டடங்களும் வளைகுடாவில் இருந்தன.

இன்னொரு குற்றவாளி மாட்டியதுதான் பெரிய திருப்பம். இங்கே மண்ணில் சல்பேட்டும் அதிகம். சல்பேட் சிமென்ட்டையே அரிக்கும் என்பதால், அதைத் தாங்கும் விசேஷ சிமென்ட்டைப் பல இடங்களில் பயன்படுத்தினார்கள். அதில் ட்ரைகால்சியம் அலுமினேட் என்ற பொருள் மிகக் குறைவு. சல்பேட் தாக்குவது அதைத்தான் என்பதால், குறைத்தது நியாயமாகவே பட்டது. ஆனால் குளோரைடைப் பிடித்துக் கட்டிப்போடுவதும் அதே பொருள்தான்! அது குறைந்தால் குளோரைடு தளையில்லாமல் கம்பியை நோக்கிப் போகும்.

சவூதியின் தஹ்ரானில், இன்று மன்னர் ஃபஹத் பெயரில் உள்ள பெட்ரோலியப் பல்கலைக்கழகத்தில் ரஷீதுஸ்ஸஃபர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலை விடாமல் ஆராய்ந்தார்கள். மத்திய கிழக்கின் கான்கிரீட் சிதைவு பற்றி அவர்கள் 1984இல் அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் இதழில் எழுதினார்கள். சல்பேட்டுக்குப் பயந்து போட்ட சிமென்ட்டில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதை அங்கு நடந்த சோதனைகள் காட்டின. பிரிட்டனின் பிஎஸ் 8110 விதியும் இந்த வேறுபாட்டை ஒத்துக்கொண்டது. சாதாரண சிமென்ட் கான்கிரீட்டில் சிமென்ட் எடைக்கு 0.4% வரை குளோரைடு இருக்கலாம் என்றால், சல்பேட் தாங்கும் சிமென்ட்டில் 0.2% தான். மருந்தே வேறொரு நோயைக் கொண்டுவந்த கதை இது. சோதிக்காமல் யாரும் யூகித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அதே 1984இல் வளைகுடாவுக்கென்றே ஒரு கான்கிரீட் வழிகாட்டி லண்டனில் வெளியானது. 1985இல் பஹ்ரைனில் இந்தச் சிதைவுக்காகவே ஒரு சர்வதேச மாநாடு கூடியது. கழுவிய மணல், நல்ல தண்ணீர், கலவையில் ஐஸ், ஈரச்சாக்கு போட்டு ஆற்றுவது, நிலக்கரிச் சாம்பலும் சிலிக்காத் தூளும் சேர்ப்பது என்று பழக்கங்கள் மாறின.

லேபில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் "ஆர்சிபிடி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 50 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் வில்லையின் ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் காரக் கரைசல், நடுவே 60 வோல்ட். ஆறு மணி நேரத்தில் எத்தனை கூலோம் மின்சாரம் கடந்தது என்று பார்ப்பார்கள். 4000க்கு மேல் என்றால் அந்தக் கான்கிரீட் சல்லடை. 1000க்குக் கீழே என்றால் மிக நல்லது.

புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் அடியிலுள்ள நிலத்தடி நீரில் 4.5% வரை குளோரைடு இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? கடல்நீரில் சுமார் 2% தான். அதனால் அதன் அடித்தூண்களுக்குச் சாம்பலும் சிலிக்காத் தூளும் கலந்த அடர்த்தியான கான்கிரீட் போட்டார்கள். அடித்தளத்தின் கீழே டைட்டானிய வலை விரித்து, சிறு மின்னோட்டத்தால் கம்பியைத் துருவிலிருந்து காக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

நீங்கள் குடியிருப்பது பழைய ஃபிளாட் என்றால் ஒன்று கவனியுங்கள். காரை விழுமுன்பே கம்பி போகும் கோட்டில் பழுப்புக் கறை தெரியும். தட்டினால் உள்ளே காலியான சத்தம் வரும். உடனே வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். விழுந்த இடத்தில் மட்டும் புதுப்பூச்சு பூசிவிட்டால், உப்பு மிச்சமிருக்கும் பக்கத்துக் கம்பி இன்னும் வேகமாக அரிக்கும். அடுத்த காரை அங்கிருந்து பெயரும். அதனால் பூச ஆள் வரும்போது, பொடி எடுத்துச் சோதித்தார்களா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.