சின்னத் தறிப்பேட்டை: நெசவாளர் நின்றதும் நீங்கியதும்

சிறுதொழில் நடத்துவோரிடம் பேசினால் முதலில் வரும் குறை, "ஆள் நிற்பதில்லை" என்பதே. வேலை நேரத்தைத் தொழிலாளியின் வசதிக்கு விடுவது இக்குறைக்கு ஒரு தீர்வு என்று இன்று பலர் கூறுகின்றனர். அதை அண்மையில் மேலை நாடுகளிலிருந்து வந்த கருத்தாகவும் எண்ணுகின்றனர். தமிழகத்து நெசவு வரலாறோ வேறொரு செய்தியைச் சொல்கிறது.

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, 'சின்னத் தறிப்பேட்டை' என்பதன் திரிபு என்பர். 1734இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இவ்வூரை அமைத்தது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், சாயமிடுவோர் ஆகியோருடன் கோயிற்பணியாளரும் இங்குக் குடியேற இடம்பெற்றனர். தறிக்காரரை அழைத்தவர்கள் கோயிலையும் சேர்த்தே திட்டமிட்டனர் என்பது நோக்கத்தக்கது.

அதற்கு முன்பே, 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை அடுத்து நெசவாளர்க்காக ஓர் ஊர் அமைத்தார். அது காலடிப்பேட்டை எனப்பட்டது. அவரிடம் பணிபுரிந்த வீரராகவர் என்பவர் நாள்தோறும் காஞ்சி வரதரைத் தொழுதுவிட்டுத் தாமதமாகப் பணிக்கு வந்தாராம். அதனால் காலெட் இவ்வூரிலேயே ஒரு பெருமாள் கோயில் எழுப்பினார் என்பது செவிவழிக் கதை. கதை உண்மையோ அன்றோ, ஆளைத் தக்கவைக்கும் வழி எது என்பதை மக்கள் புரிந்துகொண்ட விதத்தை அது காட்டுகிறது.

கம்பெனி ஏன் இவ்வளவு இறங்கிவந்தது? நெசவாளர் விலகிப் போகக் கூடியவர் என்பதே விடை. வணிகர் கேட்டது துணியின் நீளமும் அகலமும், இத்தனை புஞ்சம் என்ற இழைக்கணக்குமே. 120 பாவிழை கொண்டது ஒரு புஞ்சம். எந்த நேரத்தில் தறிக்குழியில் இறங்குவது, எந்தத் திருநாளில் தறியை நிறுத்துவது என்பனவெல்லாம் நெய்பவரின் பொறுப்பு. தெருவில் பாவு ஓட்ட முடியாத அடைமழை நாளில் வேலை தானே நின்றது.

வணிகர் தந்த முன்பணமும் அன்று விலங்காகவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூல் இதை விளக்குகிறது. வேறொருவர் கூடுதல் விலை தந்தால், நெசவாளர் பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம். கொடுமை மிகுந்தால் ஊரையே விட்டுப் பெயரலாம். தொழில் பெயர்ச்சி மிகப் பழைமையானது: லாட நாட்டுப் பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரத்துக்குக் குடிபெயர்ந்து சூரியன் கோயில் கட்டியதை 5ஆம் நூற்றாண்டின் மந்தசோர் கல்வெட்டு கூறுகிறது.

இச்சுதந்திரத்தை மிகைப்படுத்தவும் கூடாது. தறியில் அமர்ந்தவர் கூலி பேசினார். நூல் சுற்றியும் பாவுக்கு உதவியும் உழைத்த வீட்டுப் பெண்களின் நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. வணிகராக வந்த கம்பெனி ஆட்சியாளராகியது. இடைத்தரகரை விலக்கித் தன் குமாஸ்தாக்களைத் தறிவாசலுக்கு அனுப்பியது. பிறருக்கு நெய்வதைத் தடுத்தது. முன்பணத்தைத் திருப்பித் தரும் வழி அடைபட்டது. அண்டை ஊருக்குப் போனாலும் அங்கும் அதே கம்பெனியின் ஆட்சி. நெய்பவர் வீட்டிலேயே இருந்தார், தறியும் அவருடையதே. ஆயினும் பேரம் பேசும் வலிமை போய்விட்டது. வீட்டிலிருந்து விரும்பிய நேரத்தில் உழைப்பது மட்டும் ஒருவரைச் சுதந்திரமானவர் ஆக்கிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முன்பணம் இன்னும் மறையவில்லை. பவானி, குமாரபாளையம் பகுதி விசைத்தறிக் கூடங்களில் அதற்குப் 'பாக்கி' என்று பெயர். மானிடவியலாளர் கீர்ட் டி நேவ 1999இல் எழுதிய கட்டுரை இதை ஆராய்கிறது. ஆளை நிறுத்தவே உரிமையாளர் பாக்கி கொடுக்கின்றனர். தொழிலாளரோ அதையே கேட்டுப் பெறுகின்றனர்; இன்னொருவரிடம் பெரிய பாக்கி வாங்கிப் பழையதை அடைத்துவிட்டு நகர்கின்றனர். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட நாட்டில், கடனைக் கொண்டு ஆளைக் கட்டும் இம்முயற்சி கட்டவும் இயலாமல், விடவும் மனமின்றித் தொடர்கிறது.

சின்னத் தறிப்பேட்டையை அமைத்தவர்கள் கருணையால் அதைச் செய்யவில்லை. போகக் கூடியவரை இருக்கச் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே மனையும் கோயிலும் தந்தனர், அவர் நேரத்தை அவரிடமே விட்டனர். போக முடியாதபடி செய்யும் அதிகாரம் கைக்கு வந்ததும் அந்தப் பரிவு தேவையற்றதாயிற்று. இன்று ஆள் நிற்பதில்லை என்று வருந்தும் சிறுதொழில் முனைவோர், இவ்விரு காலங்களில் எதன் வழியைப் பின்பற்றுகிறோம் என்று தம்மையே கேட்டுப் பார்க்கலாம்.