ஏவலறிந்து நிற்கும் பொறி



வானொலி அலையால் இயங்கும் விளையாட்டுக் காரை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கையிலுள்ள கருவியைச் சிறிது திருப்பினால், தொலைவில் ஓடும் காரின் முன்சக்கரங்களும் சிறிதே திரும்புகின்றன; மிகுதியாகத் திருப்பினால் மிகுதியாகத் திரும்புகின்றன. இவ்வேலையைச் செய்வது கைக்குள் அடங்கும் 'சர்வோ' என்னும் பொறி. இச்சிறு பொறியின் வரலாறு மாபெரும் கப்பலொன்றோடு பிணைந்தது. அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஆங்கிலப் பொறியியல் மேதை புரூனெல் வகுத்த 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் 1858-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. அதன் நீளம் 692 அடி. அதற்கு நிகரான கப்பல் அன்று உலகில் வேறில்லை. 1861 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் அது கடும்புயலில் அகப்பட்டது. துடுப்புச் சக்கரங்கள் சிதைந்தன. சுக்கான் தண்டும் முறிந்தது. நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமந்த அந்த இரும்பு மலை திசையற்று உருண்டது. பயணியாக வந்த ஹாமில்டன் டவுல் என்னும் அமெரிக்கப் பொறியாளர், தண்டின் எஞ்சிய பகுதியில் சங்கிலிகளைப் பிணைத்துச் சுக்கானை ஓரளவு வசப்படுத்தினார். கப்பல் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. இத்தனை உயிர்களும் ஒரு சுக்கானை நம்பியிருந்தன!

அத்தகைய சுக்கானைத் திருப்ப மனிதக் கைகளின் வலிமை போதாது. நீராவிக்கு வலிமை உண்டு. ஆயினும் எங்கே நிற்பது என்னும் அறிவு அதற்கு இல்லை. இக்குறையை நீக்கியவர் ஜான் மக்ஃபர்லேன் கிரே. 1866-இல் அவர் காப்புரிமை பெற்ற சுக்கான் பொறி 'கிரேட் ஈஸ்டர்'னில் பொருத்தப்பட்டது. மாலுமி சக்கரத்தைத் திருப்பியதும் நீராவி வாயில் திறக்கும். பொறி சுக்கானை நகர்த்தும். சுக்கான் நகர நகர, அந்நகர்ச்சியே வாயிலை மூடிவிடும். மாலுமி கேட்ட அளவு திரும்பியதும் பொறி தானாகவே நின்றுவிடும்.

அதே காலத்தில் பிரான்சு நாட்டு ஜோசப் ஃபார்கோ இவ்வகைப் பொறிகளை ஆக்கி, 1873-இல் நூலொன்றும் வெளியிட்டார். 'சர்வோ' என்னும் பெயர் அவர் தந்ததே. அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. என் கருத்தில் அப்பெயர் முற்றும் பொருந்தவில்லை. அடிமை ஏவியதைச் செய்வான். இப்பொறியோ, ஏவியதையும் தான் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேற்றுமை தீரும் வரையே உழைக்கிறது.

1898-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமலே ஒரு சிறு படகைச் செலுத்திக் காட்டினார். பின்னர் மாதிரி விமானம் செய்த ஆர்வலர்கள் பலர், ரப்பர் வளையத்தின் முறுக்கால் சுக்கானைத் திருப்பினர். அதில் முழு இடம், நடு, முழு வலம் என்ற நிலைகளே உண்டு, இடைநிலை இல்லை. கைத்திருப்பத்தின் அளவுக்கேற்பத் திரும்பும் சர்வோக்கள் 1960-களில் பரவியபின்பே அக்குறை தீர்ந்தது.

இன்றைய சர்வோவினுள் ஒரு சிறு மின்மோட்டாரும் பற்சக்கரங்களும் உள்ளன. வெளித்தண்டின் நிலையை அறிவிக்க, சுழலும் மின்தடை ஒன்று பெரும்பாலும் உண்டு. ஏற்பி அனுப்பும் மின்துடிப்பின் நீளமே கட்டளை: ஏறத்தாழ 1.5 மில்லி விநாடி என்றால் நடுநிலை. 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறுகோடி. ஆகவே, காரில் இதனைப் பொருத்துவோர் முதலில் மின்சாரம் கொடுத்துச் சர்வோவை நடுநிலைக்குக் கொணர்ந்த பின்னரே அதன் கையை மாட்டுதல் வேண்டும். நடுநிலை தவறினால் கார் ஒரு புறம் முழுமையாகவும் மறுபுறம் அரைகுறையாகவும் திரும்பும்.

ஆற்றலைப் பெருக்கிய பொறிகள் பல. அந்த ஆற்றலுக்கு எல்லை கற்பித்தது இப்பொறி. அடுத்த முறை அச்சிறு காரின் சக்கரம் திரும்பி நிற்கும்போது, அது ஏன் நின்றது என்று எண்ணிப் பாருங்கள்.