விடுபட்ட ஓர் எண்

1915ஆம் ஆண்டு லண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் சீனிவாச இராமானுஜன் வெளியிட்ட நெடிய ஆய்வுக் கட்டுரையில், 67,46,32,83,88,800 வரை செல்லும் 102 எண்களின் அட்டவணை ஒன்று உள்ளது. அந்த எல்லைக்குள் இடம்பெற்றிருக்க வேண்டிய 2,93,31,86,25,600 என்னும் ஒரே ஓர் எண் மட்டும் அதில் விடுபட்டுப் போயிற்று. அட்டவணையில் உள்ளவை உயர்பகு எண்கள். அதாவது, தம்மைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளை, மீதியின்றி வகுக்கும் எண்களை, உடையவை. 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் வகுக்க, அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் காரணிகள் இல்லை.

இத்தகைய எண்களின் மீதான நாட்டம், பங்கிடும் தேவையிலிருந்து பிறந்த மிகப் பழைய நாட்டமாகும். பாபிலோனியரின் எண்முறைக்கு அடிப்படையான 60 ஓர் உயர்பகு எண்ணே. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில், நிலமும் வரியும் போர்க்கடமையும் சிக்கலின்றிப் பிரிக்கப்படுவதற்காக, தாம் கருதிய நகருக்கு 5040 குடும்பங்களை வகுத்தார். அந்த எண் 1 முதல் 12 வரை 11 ஒன்றைத் தவிர அனைத்தாலும் வகுபடும் என்றும், இரண்டு குடும்பங்களைக் கழித்தால் அக்குறையும் தீரும் என்றும் அவர் குறிப்பிட்டது சரியே, ஏனெனில் 5038 என்பது 11இன் 458 மடங்கு.

பிளேட்டோ பயன் கருதித் தேர்ந்த இவ்வகை எண்களின் உள்ளமைப்பையே இராமானுஜன் ஆராய்ந்தார். உயர்பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2, 3, 5 என அவை இடைவெளியின்றித் தொடரும். அவற்றின் அடுக்குகள் ஒருபோதும் ஏறுவதில்லை, ஏனெனில் பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு அமைந்தால், அதைச் சிறியதன் அடுக்கோடு மாற்றி, காரணிகளின் எண்ணிக்கை குறையாமலே சிறியதோர் எண்ணைப் பெற்றுவிடலாம். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே என்பதையும் அவர் நிறுவினார்.

விடுபட்ட எண்ணும் இவ்விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டதே. அதில் 2க்கு அடுக்கு 6, 3க்கு 4, 5க்கும் 7க்கும் 2, பின்வரும் 11, 13, 17, 19 ஆகியவற்றுக்கு 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7×5×3×3×2×2×2×2 எனக் கணக்கிட்டால், காரணிகளின் எண்ணிக்கை 5040 என வரும். பிளேட்டோவின் அதே எண்! விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்; அதன் காரணிகள் 10,080. இயந்திர உதவியின்றிக் கையால் போட்ட இத்தனை பெரிய கணக்கில் நேர்ந்த இந்த ஒரு விடுபாடு கோட்பாட்டை எவ்வகையிலும் பாதிக்கவில்லை. மாறாக, அதன் பின்னிருந்த உழைப்பின் அளவையே அது உணர்த்துகிறது.

இவ்வாய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்குப் பட்டம் அளித்தது. ஆயினும், லண்டன் கணிதவியல் கழகத்தின் பணநெருக்கடியால் செலவைக் குறைக்க வேண்டிக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நிறுத்தப்பட்டிருந்தது; அது 1988இல்தான் 'தொலைந்த குறிப்பேடு' தொகுப்பில் வெளிவந்தது. 1997இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்களான நிக்கோலாவும் ரோபனும் அப்பகுதியை விளக்கக் குறிப்புகளுடன் பதிப்பித்தனர்.