போரவையும் பார்வையாளரும்

மற்போர் காண்பார் நால்வர் கூடினால், போரைப் பற்றிய பேச்சினும் பெயரைப் பற்றிய பேச்சே மிகும். நடத்திய அரங்கம் எது, முதலில் கண்ட மல்லன் யார், அவன் பக்கம் மனம் சாய்ந்தது எதனால் என்று முதியோரும் வாதிடுவர். ஜொகூர்த் தமிழரிடையே இவ்வாதம் எழுங்கால் சிங்கப்பூரையும் தொட்டே செல்லும். 1924இல் பாலம் திறக்கப்பட்டபின் இரு கரையும் அண்மையாயின. சிங்கப்பூரின் ‘கிரேட் வோர்ல்ட்’, ‘ஹேப்பி வோர்ல்ட்’ ஆகிய கேளிக்கைத் திடல்கள் மற்போருக்கும் இடமளித்தன.

1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்த தாராசிங், ஆலைத் தொழிலாளியாக இருந்துகொண்டே ‘கிரேட் வோர்ல்ட்’ அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் மற்போர் பயின்றார். பின்னாளில் அவரோடு பொருதவருள் ஒருவர் எமில் சாயா என்னும் அங்கேரியர். இயற்பெயரால் அவரை அறிந்தோர் சிலரே. ‘கிங் காங்’ என்றால் அறியாதார் இலர். அப்பெயர் 1933இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தின் பெருங்குரங்குக்கு உரியது. மல்லன் களம் புகுமுன்பே அவன் பெயர் புகுந்துவிடுகிறது. காண்போர் மனமும் அப்போதே ஒரு பக்கம் சாய்கிறது.

நடத்துவோர் பெயருக்கும் இவ்வாற்றல் உண்டு. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்னும் அமெரிக்க மற்போர் நிறுவனம், அதே எழுத்துகளைக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்று தொடுத்த வழக்கால், 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆயிற்று. நீதிமன்றம் வரை செல்லும் அளவுக்குப் பெயர் ஒரு பொருளாகிவிட்டது.

இவையெல்லாம் இக்காலத்துப் புதுமைகள் என எண்ணுதல் வேண்டா. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் ஒருவனைப் பற்றியவை. முதல் மூன்றையும் சாத்தந்தையாரும், பின் மூன்றையும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர். இவன் உறையூர்த் தித்தனின் மகன். தந்தையோடு பகைத்து ஊர் நீங்கியவன் என்பர். முக்காவனாட்டு ஆமூரில் ஒரு மல்லனைப் பொருது வென்றான்.

இங்கும் பெயர்களை நோக்குதல் வேண்டும். வென்றவன் பெயருக்கு முன்னே ‘போரவை’ நிற்கிறது. போர்ப்பயிற்சி நிகழும் அவை என்பது அதன் பொருள். நாடிழந்து நின்றவனுக்கு அவன் பயின்ற களமே அடைமொழியாயிற்று. தோற்றவனுக்கோ இயற்பெயரும் எஞ்சவில்லை. ஆமூர் மல்லன் என ஊரின் பெயராலேயே அவனை அறிகிறோம்.

காண்போர் நிலையைக் காட்டுபவர் நக்கண்ணையார். ஊர் ஒரு பக்கம் நில்லாது இரு பக்கமாய்ப் பிரிந்தது என்கிறார் 83ஆம் பாடலில். 85ஆம் பாடல் அதன் காரணத்தையும் கூறும். இவ்வூர் அவனது ஊரன்று. இந்நாடு அவனது நாடன்று. அதனால் வெற்றி அவனுக்கே என்றனர் ஒரு சாரார். அன்று என்றனர் மற்றொரு சாரார். புலவர் அவ்வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. காற்சிலம்பு ஒலிக்க ஓடினார். தம் வீட்டுப் பனைமரத்தைப் பொருந்தி நின்றார். அவன் வென்றதைத் தம் கண்ணாற் கண்டார்.

ஊரார் ஊரைக் கொண்டு பக்கம் பிரிந்தனர். இவர் ஆளைக் கொண்டு பக்கம் சேர்ந்தார். 84ஆம் பாடலில் அவன் கூழுண்டு வாழ்வதைக் கூறி, ஆயினும் பெருந்தோளன் என்கிறார். அயலூரில் வந்து, எளிய உணவு உண்டு, உடல் வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டு நின்றவனிடம் அவர் மனம் சென்றது. கடல் கடந்து வந்து பால்மரக் காட்டில் உழைத்த தமிழர், ஆலைத் தொழிலாளியாயிருந்து மல்லரான பஞ்சாபியரைத் தம்மவராய்க் கொண்டதை விளங்கிக்கொள்ள இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

நக்கண்ணையாரின் மூன்று பாடல்களும் கைக்கிளைத் திணையில் வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் வகுப்பில் அவற்றை ஒருதலைக் காதல் என்று கூறி முடித்துவிடுவது எளிது. அது பிழையன்று, ஆனால் அஃதொன்றே போதாது. ஒரு போர்க்களத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தின் பேச்சை, அக்கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணே பதிந்துவைத்த சான்று அது. மன்னரையும் போரையும் கூறும் வரலாறு நமக்கு மிகுதி. கண்டு களித்தவரைக் கூறுவது அரிது. தொலைக்காட்சி மல்லனுக்காகச் சண்டையிடும் மாணவனிடம், “அவனை உனக்கு ஏன் பிடிக்கும்?” என்று ஆசிரியர் கேட்கட்டும். அவன் விடை சொன்னபின் 85ஆம் பாடலைத் தொடங்கினால், ஆமூர் அவனுக்கு அயலூராய்த் தோன்றாது.