சிற்றிலில் ஒரு மெத்தை நாற்காலி

மணலைக் குவித்து வீடு கட்டி, சிரட்டையில் மணற்சோறு சமைத்து, வந்தவரை அமரச் செய்து விருந்திடும் விளையாட்டு தமிழ்க் குழந்தைகட்குப் புதிதன்று. அவ்வீட்டிற்குச் சிற்றில் எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலுக்கென ஒரு பருவமே வகுத்தனர். தாங்கள் கட்டிய மணல் வீட்டை அழிக்க வேண்டாவென ஆயர் சிறுமியர் கண்ணனை இரப்பதாக, நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் பாடினார் ஆண்டாள். அந்நூலிலேயே வேங்கடத்து மேகங்களைத் தூதும் விடுத்தார். அவ்வேங்கடத்தின் அருகே, புத்தூரில் குடியேறி வாழும் நாம், சிற்றிலின் வரலாற்றையும், அதனுள் இடும் இருக்கைகளின் வரலாற்றையும் சிறிது எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

மெத்தையிட்ட இருக்கை மேனாட்டார் நமக்குத் தந்தது என்பார் உளர். அது முற்றும் உண்மையன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் விரிவாகக் கூறப்படுகின்றது. யானைத் தந்தத்தால் இழைத்த கால்கள். அதன்மேல் அன்னத்தின் தூவி பரப்பிய மெல்லணை. சட்டம், திணிப்பு, விரிப்பு என்னும் மூன்றும் அங்கே உள்ளன. மோசிகீரனார் வரலாற்றை நம்மில் அறியாதார் இலர். நீராட்டச் சென்ற முரசின் வெற்றுக் கட்டிலில் பூக்கள் மென்மையாகப் பரப்பியிருக்கக் கண்டு, அயர்ச்சியால் அதில் உறங்கிவிட்டார் அப்புலவர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்கவில்லை, கவரி வீசினான். விருந்தினர்க்கு மெல்லிய இடம் தருதல் தமிழர்க்குப் பண்பாடாக இருந்ததென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் நம் நாட்டில் மெத்தையும் திண்டும் தனித்தனியே நின்றன. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டி வைத்தோம். திணிப்பைச் சட்டத்தோடு ஆணியடித்துப் பொருத்தும் முறை ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சுருள்வில் உள்ளே புகுந்தது. இன்று நம் கூடங்களில் வீற்றிருக்கும் ‘சோபா’ என்னும் சொல்லோ அரபு மொழியில் தோன்றி, ஐரோப்பா சென்று, கப்பலேறி நம்மிடம் வந்ததாகும்.

ஐரோப்பியர் பெரிய இருக்கையைச் செய்ததோடு அமையவில்லை. அதையே விரலளவிலும் செய்தனர். பவேரிய நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58-இல் ஒரு பொம்மை மாளிகை அமைப்பித்தான். ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் செல்வச் சீமாட்டி பெட்ரோநெல்லா ஊர்ட்மன் 1686 முதல் 1710 வரை ஒரு பேழைக்குள் வீடு சமைத்தாள். அதன் அறைகளில் பட்டும் சித்திரமும் சீனக் கலங்களும் நிறைந்திருத்தலை அந்நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். புதுதில்லியை வகுத்த எட்வின் லட்யன்ஸ், அதே காலத்தில் இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921-க்கும் 1924-க்கும் இடையே ஒரு பொம்மை வீடும் வகுத்தார். ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறுக்கிய அவ்வீடு வின்சர் கோட்டையில் உள்ளது.

இவை யாவும் வியத்தற்குரியன. ஆனால் ஒன்று நோக்கவேண்டும். இவை குழந்தைகள் தொட்டு விளையாடச் செய்தவை அல்ல. பெரியோர் தம் செல்வத்தையும் கைவினைஞரின் திறத்தையும் காட்டச் செய்தவை. அங்குள்ள நாற்காலியில் எவரும் அமர்வதில்லை.

நம் மரபு இதனின் வேறுபட்டது. மணமகளுக்குத் தாய்வீட்டார் செம்மரத்தாலான மரப்பாச்சி இணையை அளிப்பர். அவள் அவற்றிற்குத் துணியுடுத்திக் கொலுவில் வைப்பாள். கொலு முடிந்தபின் அவை குழந்தைகளின் கைக்கு வரும். சொப்பில் சமையல் நடக்கும். பொம்மைக் கல்யாணம் நடக்கும். பல இல்லங்களில் அவ்விணை வேங்கடவனும் பத்மாவதியுமாகவே கருதப்படும். அத்தெய்வத் திருமணம் நிகழ்ந்த தலமென்று போற்றப்படும் நாராயணவனமோ நம் புத்தூரின் அண்டையில் உள்ளது. பொம்மையின் கை சற்றுப் பிளந்தால், குச்சி வைத்துத் துணி சுற்றிப் ‘புத்தூர்க் கட்டு’ போடும் பேறும் இவ்வூர்க் குழந்தைகட்கு உண்டு!

இனி, அம்மணமக்கள் அமர ஓர் இருக்கை செய்வது எங்ஙனம்? லட்யன்ஸ் கொண்ட கணக்கையே நாமும் கொள்ளலாம். ஆறங்குல மரப்பாச்சி ஆறடி மனிதனுக்கு ஒப்பாகும். பதினெட்டு அங்குல உயரமுள்ள நாற்காலித் தட்டு ஒன்றரை அங்குலமாகும். சட்டத்திற்கு மூங்கில் தப்பையும் தடித்த அட்டையும் போதும். தீப்பெட்டிகளை ஒட்டினால் திண்ணிய அடிப்பாகம் கிடைக்கும். திணிப்பிற்கு இலவம்பஞ்சை மெல்லிய படலமாகப் பிரித்து வைத்தல் வேண்டும். மிகுதியாக அடைத்தால் இருக்கை பந்துபோல் உப்பி, பொம்மை உருண்டு விழும்.

துணியைத் தேர்வதிலேதான் திறமை உள்ளது. கனத்த துணி மூலைகளில் மடியாது. ஆதலின் நைந்த பருத்திப் புடைவையே சிறந்தது. பூ வேலைப்பாடும் சிறியதாக இருக்கவேண்டும். காளத்திக் கலம்காரியின் பெரிய மரமும் மயிலும் இதற்கு ஆகா. அதன் கரையிலுள்ள சிறு கொடியே ஏற்றது. துணியை முதலில் முன்னும் பின்னும் இழுத்து ஒட்டி, பின்பு இருபக்கமும் ஒட்டி, இறுதியில் மூலைகளை மடித்தல் முறை. முறை மாறினால் சுருக்கம் விழும். கஞ்சிப் பசை நன்கு உலர்ந்தபின், முறுக்கிய நூலை ஓரங்களில் ஒட்டினால் தையல்வாய் மறையும். சாய்மானத்தில் சிறு மணிகளை ஊசியால் இழுத்துத் தைத்தால், அங்காடிச் சோபாவின் குழிகள் அப்படியே தோன்றும். இப்பணி ஒரு மாலைப்பொழுதிற்குள் முடியும். செலவோ மிகச் சிறிது.

சட்டத்திற்கு மூங்கிலைக் கூறியது காரணம் பற்றியே. மரப்பாச்சிக்கு உடல் தந்த செம்மரம், சேஷாசலம் முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. களவு வாணிகத்தால் அது அருகிவரவே, 1995-இல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறிக் காவல் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். அவருட் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து கூலிக்குப் புறப்பட்ட ஏழைத் தமிழர். நம்மைப் போலவே பிழைப்பை நாடி வடக்கே வந்தவர் அவர். தாய் மகளுக்குத் தந்த விளையாட்டுப் பொருளின் மரம் இத்துணைத் துயரத்திற்கும் இடமாயிற்று. ஆதலின் பாட்டியின் மரப்பாச்சி நம் வீட்டில் இருப்பின் அதனைப் போற்றிக் காப்போம். புதியது வேண்டின் வேறு மரத்தில் செய்ததே போதும்.

புத்தூர் எல்லைகள் பல கண்ட நிலம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை வட ஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணியோடு புத்தூர் வட்டத்துச் சில ஊர்களும் சென்னை மாநிலத்தை அடைந்தன. ஆயின் சிற்றிலுக்கு எல்லை இல்லை. நாம் பொம்மை என்பதை அண்டை வீட்டார் ‘பொம்ம’ என்பர். நாம் கொலு என்பதை அவர் ‘கொலுவு’ என்பர். நவராத்திரியோடு சங்கராந்தியிலும் பொம்மை அடுக்கும் வழக்கம் தெலுங்கரிடம் உண்டு. நம் குழந்தைகட்கு ஆண்டில் இருமுறை விழா!

பள்ளியில் வேற்றுமொழி பயிலும் நம் சிறார்க்குத் திண்டு, சமுக்காளம், பட்டாசாலை, மணை என்னும் சொற்களை ஏட்டால் புகட்டுதல் அரிது. சிறு திண்டு ஒன்றைத் தைத்துக் கையில் கொடுத்தால் சொல் தானே நாவில் அமரும். அதைவிட மேலானதொன்றும் அவர்க்குக் கிட்டும்: வந்தவரை முதலில் அமரச் செய்யும் வழக்கம். அடுத்த கொலுவிற்கு இக்காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு இருக்கை உருவாகட்டும். தமிழும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் அதனைச் சூழ்ந்து விளையாடட்டும். வாழ்க சிற்றில்! வளர்க விருந்தோம்பல்!