அந்நியரின் ஊதியம்: ஜப்பானில் ஆங்கில ஆசிரியர்கள்

எட்வர்ட் வாரன் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர் 1871-ஆம் ஆண்டில் ஜப்பான் வந்து இறங்கினார். ஷிசுவோக்கா நகரில் அறிவியலும் மொழியும் கற்பிக்க அவரை அழைத்திருந்தார்கள். அவருடைய கல்லூரித் தோழரான வில்லியம் கிரிஃபிஸ் அவருக்கு முன்பே ஜப்பானில் ஆசிரியராயிருந்தார். தோழரை வரவழைத்ததில் அவருக்கும் பங்குண்டு. கடல் கடந்து வந்த பின்னர்தான் ஒப்பந்தத்தின் முழு வாசகம் கிளார்க்கின் பார்வைக்கு வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்றாண்டுக் காலமும் கிறிஸ்தவத்தைக் கற்பிக்கலாகாது. சமயம் பற்றி வாய் திறக்கவே கூடாது.

அன்றைய ஜப்பானில் இது வெறும் எழுத்தன்று. 1868 முதல் நாகசாக்கியை அடுத்த உராக்காமியைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள், விசுவாசத்தைக் கைவிட மறுத்த ஒரே காரணத்துக்காக, ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டுப் பல மாநிலங்களுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்களே இல்லாமல் மறைவாக வேதத்தைக் காத்து வந்த குடும்பங்கள் அவை. கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது என்று அறிவிக்கும் பலகைகள் சாலையோரங்களில் அப்போதும் நின்றுகொண்டிருந்தன. அந்த நாட்டில் அந்த ஆண்டில் அந்தத் தாளை ஓர் இளைஞர் முன் வைத்தார்கள்.

கிளார்க் கையெழுத்திட மறுத்தார். வந்த வேலை கைநழுவிப் போகக்கூடும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஒப்பமிட்டுவிட்டு ஓசைப்படாமல் மீறுவது எளிய வழி. பலரும் அதைத்தான் செய்திருப்பார்கள். மீறப் போகும் வாக்கைக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. முடிவில் அரசினர் இறங்கி வந்து அந்த நிபந்தனையை அடித்துவிட்டார்கள். கிளார்க் ஷிசுவோக்கா சென்று, அங்கே ஒரு பௌத்த ஆலயத்திலேயே குடியிருந்து கற்பித்தார் என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை. 1873-இல் தடைப் பலகைகளும் அகற்றப்பட்டன. உராக்காமி மக்கள் வீடு திரும்பினார்கள்.

மெய்ஜி அரசு அமர்த்திய வெளிநாட்டாரின் கதையில் கிளார்க்கின் கதை விதிவிலக்கு. பேரம் பேசும் வலிமை அன்று அவர் பக்கம் இருந்தது. மேனாட்டு அறிவை விரைந்து கற்கத் துடித்த அரசு, அதற்காகப் பெருந்தொகை கொடுக்கத் தயங்கவில்லை. அமைச்சர்களின் ஊதியத்தோடு ஒப்பிடத்தக்க ஊதியம் பெற்ற வெளிநாட்டார் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நிலையாக வேரூன்ற அழைக்கப்பட்டவர்கள் அல்லர். ஒப்பந்தம் இரண்டாண்டு, மூன்றாண்டு என்று கணக்கிட்டே எழுதப்பட்டது. நம் மாணவன் கற்றுத் தேறும்வரை நீ இரு. அவன் தேறியதும் போய்விடு என்பதே அதன் உட்பொருள். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குத் தன் ஆசிரியர்களையே உருவாக்கிக்கொள்வதில் பிழையேதுமில்லை. ஆனால் போக மனமின்றி அங்கேயே தங்கிவிட்டவனின் நிலை என்ன?

லஃப்காடியோ ஹேர்னின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு ஒரு விடை. 1850-இல் கிரேக்கத் தீவொன்றில், ஐரிஷ் இனத்தவரான இராணுவ மருத்துவருக்கும் கிரேக்கப் பெண்ணுக்கும் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தனர், டப்ளினில் கத்தோலிக்கரான ஒரு பாட்டி முறையினர் அவரை வளர்த்து, இங்கிலாந்தில் டர்ஹாம் அருகிலுள்ள அஷா குருமடக் கல்லூரியில் சேர்த்தார். அங்கே விளையாட்டில் நேர்ந்த விபத்தில் இடக்கண் பறிபோயிற்று. பாட்டியின் செல்வமும் கரைந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகை எழுத்தாளராக உழைத்தார். திருச்சபையைவிட்டு வெகுதூரம் போய்விட்டார், அதை மறைப்பதற்கில்லை.

1890 ஏப்ரலில் யோக்கோஹாமாவில் இறங்கியபோது அவரை அனுப்பி வைத்தது ஹார்ப்பர் என்னும் அமெரிக்கப் பதிப்பகம். உடன் வந்த ஓவியருக்குத் தம்மைவிட அதிக ஊதியம் பேசப்பட்டிருப்பதை அறிந்ததும் ஹேர்ன் அந்த ஏற்பாட்டையே முறித்துக்கொண்டார். அந்நிய மண், கையில் காசில்லை, தெரிந்தவர் சிலரே. இருந்தும் முறித்தார். இந்த முன்கோபம் அவருடன் பிறந்தது. பின்னால் அது அவருக்கே தீங்காயிற்று.

நண்பர்களின் உதவியால் மாட்சுவே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 100 யென். அவ்வூரில் அது பெரிய தொகை. வறுமையில் விழுந்துவிட்ட சாமுராய் குலத்தில் பிறந்த கொய்சுமி செட்சு என்னும் பெண்ணை மணந்துகொண்டார். 1891 நவம்பரில் 200 யென் ஊதியத்துக்குக் குமமோட்டோ நகரத்து மேல்நிலைப் பள்ளிக்கு மாறினார். மனைவியை மட்டுமன்றி மனைவியின் குடும்பத்தாரையும் தாங்கவேண்டிய பொறுப்பு வந்துவிட்டது.

அதே 1891-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளியும் முதலாளியும் மனமொப்பிச் செய்த ஒப்பந்தம் என்பதனாலேயே ஊதியம் நீதியானதாகிவிடாது, மனிதர் பேசி முடிக்கும் பேரத்துக்கு முற்பட்ட இயற்கை நீதி ஒன்று உண்டு என்று அவர் எழுதினார். ஹேர்ன் அதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவருக்கு நேரவிருந்தது அந்தக் கருத்தின் எல்லைக்குள் அடங்கும்.

1893-இல் மகன் பிறந்தான். அன்றைய சட்டம் அவரை ஒரு சந்தியில் நிறுத்தியது. மனைவியை ஆங்கிலேயர் ஒருவரின் மனைவியாக முறைப்படி பதிவு செய்தால் அவள் தன் நாட்டுரிமையை இழப்பாள். குறிப்பிட்ட துறைமுகங்களுக்கு வெளியே வாழ்வதிலும் சொத்து வைத்திருப்பதிலும் வெளிநாட்டாருக்கு அப்போது தடைகள் இருந்தன. பதிவு செய்யாமல் விட்டால், தாம் இறந்தபின் தம் உடைமை மனைவி மக்களுக்குச் சேரும் என்ற உறுதி இல்லை. ஹேர்ன் மூன்றாம் வழியைத் தேர்ந்தார். 1896-இல் மனைவியின் குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகி, கொய்சுமி யக்குமோ என்னும் பெயருடன் ஜப்பானியக் குடிமகனானார். குடும்பத்தைக் காக்கத் தம் பெயரையே கொடுத்துவிட்டார்.

அவ்வாண்டே டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியம் கற்பிக்க அவரை அழைத்தது. இங்கேதான் அவருக்கு அச்சம் எழுந்தது. ஜப்பானியராகிவிட்டவருக்கு ஜப்பானியரின் ஊதியம்தான் என்று சொல்லிவிட்டால்? அவரை அழைத்த துறைத்தலைவர் டொயாமா மசக்காசு அப்படி நேராது என்று உறுதி கூறினார். மாதம் 400 யென் வழங்கப்பட்டது. ஆனால் அந்த உறுதி ஒரு மனிதருடைய நல்லெண்ணத்தில் நின்றது. 1900-இல் டொயாமா இறந்தார்.

அதன்பின் காற்றின் திசை மாறிற்று. பல ஆண்டுகள் பணிபுரிந்த வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் நீண்ட விடுப்பை ஹேர்ன் கேட்டார். நீர் ஜப்பானியக் குடிமகன், உமக்கு அது இல்லை என்று மறுத்தார்கள். 1903 ஜனவரியில், மார்ச் 31-உடன் ஒப்பந்தம் முடிவடையும், புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்தது. மாணவர்கள் கொதித்தெழுந்து முறையிட்டார்கள். பல்கலைக்கழகம் சற்றே இறங்கி, பாடவேளையையும் ஊதியத்தையும் குறைத்துத் தொடரலாம் என்றது. ஹேர்ன் ஏற்கவில்லை. விடுப்பு கேட்டபோது குடிமகன். வேலையை நிறுத்தும்போது தவணை முடிந்த கூலிக்காரன். ஒரே மனிதனுக்கு இரண்டு அளவுகோல்.

பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த தொகையைக் கொண்டு மூவரை அமர்த்த அது எண்ணியது. அவர்களுள் இருவர் ஜப்பானியர். அவ்விருவருள் ஒருவர் நட்சுமே சோசெகி, பின்னாளில் அந்நாட்டின் தலைசிறந்த நாவலாசிரியர். அரசின் செலவில் இங்கிலாந்து சென்று, வறுமையிலும் மனச்சோர்விலும் இரண்டாண்டைக் கழித்துத் திரும்பியிருந்தார். அவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது ஆண்டுக்கு 800 யென். ஹேர்ன் சேர்ந்தபோது பெற்றது ஆண்டுக்கு 4,800. பாடவேளையில் வேறுபாடு உண்டு என்றாலும் இந்த இடைவெளி கண்ணை உறுத்துகிறது. சோசெகியும் தம் விருப்பப்படி நடக்க முடியாதவரே. வெளிநாட்டில் கழித்த காலத்தைப்போல் இருமடங்கு அரசுப் பணியில் இருக்கவேண்டும் என்பது அவருக்கிருந்த கட்டுப்பாடு. அந்த நான்காண்டு நிறைந்ததும், 1907-இல், ஆசிரியத் தொழிலை உதறிவிட்டு ஆசாஹி நாளிதழில் சேர்ந்தார். ஹேர்னுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றால், சோசெகிக்குக் கொடுத்த ஊதியத்தை நீதி என்று யார் சொல்வது? உள்ளூர் ஆசிரியனின் மனக்குறையை மறந்துவிட்டு அந்நிய ஆசிரியனின் மனக்குறையை மட்டும் எழுதுவது அரை வரலாறு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தம்மை நீக்கியதன் பின்னணியில் கிறிஸ்தவ மறைபரப்பாளர்களின் கை இருக்கிறது என்று ஹேர்ன் சந்தேகித்தார். அவருக்குக் கடைசிவரை சமயத்தாரிடம் ஒரு கசப்பு இருந்தது. அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் குருமடத்துச் சுவர்களுக்குள் வளர்ந்த பிள்ளை ஒருவர், தம் துன்பத்துக்கெல்லாம் காரணம் நம்மவர்தாம் என்று எண்ணும் நிலைக்கு வந்தது நமக்கு வருத்தம் தரும் செய்தி. எடுத்த எடுப்பில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சொற்பொழிவாற்ற அழைத்திருந்தது. அவ்வூரில் நச்சுக்காய்ச்சல் பரவியதால் அந்த அழைப்பும் திரும்பப் பெறப்பட்டது. அதற்காக ஆயத்தம் செய்தவற்றையே ஜப்பானைப் பற்றிய தம் கடைசிப் பெருநூலாக எழுதி முடித்தார். 1904-இல் வசேதா கல்விக்கழகம் அவரை மதித்து அமர்த்தியது. சில மாதங்களில், செப்டம்பர் 26 அன்று, மாரடைப்பால் காலமானார். வயது 54. டோக்கியோவின் சோஷிகயா கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இறந்த சோசெகியின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது.

அதன்பின் காலம் வெகுவாக மாறியது. ஒப்பந்தத்தின் உட்பொருள் அவ்வளவாக மாறவில்லை. ஜப்பானின் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டார் முறையான பேராசிரியராக அமர்வதற்குத் தனிச்சட்டம் வந்தது 1982-இல்தான். அதற்குள் ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலின் பெரும்பகுதி தனியார் வணிகத்தின் கைக்குப் போயிருந்தது. தொடர்வண்டி நிலையங்களின் அருகே கடைபோல் திறந்த ஆங்கிலப் பேச்சுப் பள்ளிகள் பெருகின. அவற்றுள் மிகப் பெரியது 1981-இல் தொடங்கிய நோவா.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து பட்டம் பெற்றுப் புறப்பட்ட இளைஞர்களை நோவா ஆயிரக்கணக்கில் அமர்த்தியது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு. மாணவர்களோடு வகுப்புக்கு வெளியே பழகக்கூடாது என்று ஒரு விதி. அது மனித உரிமைக்கு முரணானது என்று ஒசாக்கா வழக்கறிஞர் சங்கம் 2004-இல் கூறியது. வாரப் பணிநேரத்தை முப்பது மணிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டி, சமூகக் காப்பீட்டுப் பொறுப்பிலிருந்து நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது என்று தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டின. தங்குமிடத்தையும் நிறுவனமே பிடித்துக் கொடுத்து, வாடகையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மொழி தெரியாத ஊரில் வீடு தேடும் தொல்லை இல்லையே என்று வந்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அது எத்தகைய கண்ணி என்பது பின்னர் தெரிந்தது.

2007 ஏப்ரலில், இடையில் விலகும் மாணவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஜூனில், நீண்டகாலப் பாடத் திட்டங்களுக்குப் புதிதாக ஆள் சேர்க்க அரசு ஆறு மாதம் தடை விதித்தது. முன்பணத்தில் நடந்த கடை, முன்பணம் நின்றதும் சாய்ந்தது. இலையுதிர் காலத்தில் சம்பளம் நின்றது. ஆசிரியர்களிடம் கழித்துக்கொண்ட வாடகை வீட்டு உரிமையாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தாங்கள் செலுத்திவிட்டதாக நம்பியிருந்த வாடகைக்காகச் சிலர் வெளியேற்றும் அறிவிப்பைக் கையில் வாங்கினார்கள். அக்டோபர் 26 அன்று நிறுவனம் ஒசாக்கா நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்தது. ஏறத்தாழ நாலாயிரம் வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலையின்றி நின்றார்கள். ஆஸ்திரேலியர் ஊர் திரும்ப விமான நிறுவனமொன்று கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்தது. நிறுவனர், ஊழியர் நலநிதியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றத்துக்காக 2009-இல் தண்டனை பெற்றார்.

ஊர் திரும்பவும் பணமில்லாதவர்களுக்காகத் தொழிற்சங்கத்தார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாடம் கேட்க வருகிறவர்கள் பணத்துக்குப் பதிலாக உணவு கொண்டு வரலாம் என்பது அது. கொண்டுவந்த உணவை வாங்கிக்கொண்டு, அந்த ஆசிரியர்கள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள்.