ஊவாத் தோட்டங்களில் எண்ணும் எழுத்தும்

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று. அதன் தலைநகராகிய பதுளைக்குப் புகைவண்டி 1924இல் வந்து சேர்ந்தது. தெமோதரை, ஹாலி-எல, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய மலைப்பகுதிகளில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் காடு வெட்டிய வரலாறு பலராலும் பேசப்படுகின்றது. அவர்தம் பிள்ளைகள் எண்ணும் எழுத்தும் கற்ற வரலாறும் அறியத்தக்கதே.

அவர்கள் விட்டுவந்த ஊர்களில் அக்காலத்தில் வழங்கியது திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். அருகில் மற்றொருவன் எண்சுவடியை மனனஞ் செய்வான். ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, பழைய பாடத்தைக் கேட்ட பின்னரே புதிய பாடம் கொடுப்பார். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பிப்பான். பிரம்படியும் பொருளறியா மனனமும் அம்முறையின் குறைகள். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட குலத்தாருக்கும் அத்திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை என்பது அவற்றினும் பெருங்குறை. எனினும், பிள்ளையின் வேகத்துக்கேற்பப் பாடம் நடந்தது என்பது அதன் சிறப்பு. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்திற் கைக்கொண்டார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை விளக்கி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என வழங்கியது.

அதே வழக்கத்தைத் தொழிலாளரும் கடல் கடந்து கொண்டுவந்தனர். தோட்டத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால், வேலை முடிந்த பின் லயத்தின் முன்புறமே பள்ளியாயிற்று. சில இடங்களிற் பெரிய கங்காணி அதற்கு ஆதரவளித்தார். குப்பி விளக்கின் ஒளியில் நாலைந்து பிள்ளைகள் அமர்ந்து படித்தனர். ஊரிலே திண்ணை ஏறமுடியாத குலத்துப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

அக்கல்வி தொழிலாளிக்கு எதற்காக வேண்டியிருந்தது? அவனுடைய வாழ்வே சீட்டுகளிலும் கணக்கேடுகளிலும் அடங்கியிருந்தது. ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் எனத் தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அதனை வாசிக்க அறியாதவன், தான் பட்ட கடன் எவ்வளவு என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே நம்பினான். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் கொழுந்துக் கணக்கு ஒழியவில்லை. காலையில் 9 இறாத்தல், நண்பகலில் 7, மாலையில் 6 என நிறுத்தால் மொத்தம் 22. கூடைக்கென்று கழித்தது போக மிஞ்சுவது எவ்வளவு? அது முழுப்பேருக்குப் போதுமா, அரைப்பேர்தானா? கூட்டலும் கழித்தலும் அறிந்த பிள்ளை வீட்டிலிருந்தால், தாயின் கூலியைச் சரிபார்க்க ஓர் ஆள் இருந்தது.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட அதிகாரியிடம் ஒப்படைத்தது. அதனாற் கட்டடங்கள் எழுந்தன. ஆயினும் பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே, வகுப்புகளோ ஐந்து. ஒரு வகுப்புக்கு அவர் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கையில் மற்றைய வகுப்புகள் காத்திருந்தன. பிள்ளை பின்தங்கினால் அருகமர்ந்து கேட்பதற்கு அவருக்கு நேரமேது? சட்டாம்பிள்ளையே மீண்டும் துணைநின்றான். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்க விரும்பியவன் பதுளை போன்ற நகரத்துப் பள்ளியை நாடவேண்டும். பலருக்கு அது எட்டாத தூரமாயிருந்தது.

1945இல் வந்த இலவசக் கல்வி நாட்டிற் பெருமாற்றம் விளைத்தது. தோட்டப் பள்ளிகளுக்கு அதன் பயன் உடனே வந்து சேரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கோரியவர்கள், இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமையை ஆவணங்களால் நிறுவவேண்டியிருந்தது. எழுத்தறியாதவர், தம் தலைவிதியைத் தீர்மானிக்கும் படிவத்தைப் பிறர் கையாலேயே நிரப்பினர். தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது 1977க்குப் பின்னரே.

இன்று சீட்டு வேறாயினும் சிக்கல் அதுவே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திலும் தாய்மொழியிலும் சித்தியெய்தாதவருக்கு உயர்தர வகுப்பின் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. நகரத்துப் பிள்ளை பணங்கொடுத்து ரியூஷன் வகுப்புக்குச் செல்கின்றது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. தனித்தனியே கற்பிக்கப்பெற்ற மாணவர் சாதாரண வகுப்பிற் கற்றோரை வெகுவாக விஞ்சினர் என அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அப்பயனின் அளவைக் குறைத்து மதிப்பிட்டன. பயன் இல்லையென்று கூறவில்லை.

2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. ஆனால் அதன் வாயிலை அடைவதற்கு நெடுநாள் முன்னரே, வகுத்தற் கணக்கிலோ ஒரு வாசகத்திலோ பிள்ளை தடுமாறி நின்றுவிடுகின்றது. அந்த இடத்தில் அருகிருந்து கேட்க ஒருவர் வேண்டும். கற்றுத் தேறிய தோட்டத்து இளைஞர் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையோடு அமர்வாராயின், பழைய லயப் பள்ளியின் நற்பண்பு மீண்டும் பயன்படும். இம்முறை அது பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒப்பக் கிடைத்தல் வேண்டும்.